மெல்லச் சொல்லும் இடம்

கொட்டாஞ்சேனையில் மர்ஸூக் என்று கேட்டால் வழிகாட்ட ஆள் கிடையாது. மோதினார் என்று கேட்டால் மூன்று தெரு தள்ளியிருக்கிற பாண் கடைக்காரன்கூடக் கையை நீட்டிவிடுவான். பள்ளிவாசல் மினாராவில் ஐந்து வேளையும் ஏறிப் பாங்கு சொல்லி, ஊரைத் தொழுகைக்கு அழைப்பவர் அவர். ஒலிபெருக்கி என்ற சாமான் பள்ளிகளுக்கு வந்து சேராத காலம். பத்தொன்பது வருடமாக அந்தத் தெருக்களின் கடிகாரம் அவருடைய தொண்டைதான். கடிகாரத்துக்குப் பெயர் எதற்கு என்று ஊர் நினைத்ததோ என்னவோ, அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. நோஞ்சான் கால், ஒட்டிய கன்னம். நெஞ்சு மட்டும் வேறு யாருடையதையோ கடன் வாங்கி வைத்ததுபோல அகன்றிருக்கும். அவருடைய முறையும் எளிது. நாற்பத்திரண்டு படி ஏறுவார், மேலே ஒரு நிமிடம் நிற்பார், பிறகு நெஞ்சு கொள்ளும் மட்டும் காற்றை இழுத்து நிரப்புவார். மூச்சு நிறைய இருந்தால் குரல் தூரம் போகும். இருபத்துமூன்று வயதில் இதைக் கண்டுகொண்டார். அதற்குமேல் எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை.

‘அல்லாஹு அக்பர்’ இரண்டு ஒரே மூச்சில் போகும், அடுத்த மூச்சில் இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு வரும், இறைவன் ஒருவன், நபி அவன் தூதர் என்ற சாட்சி வார்த்தைகளை முதலில் தனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொல்லி, அப்புறம்தான் உரக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியினர் நடந்துவந்த ஷாஃபி வழியில் அது சுன்னத்து, நபி காட்டிய வழக்கம். உண்மையைச் சொல்வதானால், மர்ஸூக் அந்த இடத்தைச் சொன்னார் என்பதைவிட விழுங்கினார் என்பதே சரி. மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒரே மடக்கு. கீழே யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்.

கீழே அவருக்கு வேண்டியவர் ஒருத்திதான். பள்ளிக்கு எதிரே, மோதினாருக்கென்று பள்ளி கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டில் அவருடைய மனைவி நளீபா இருந்தாள். பிள்ளைகள் இல்லை. பாங்குச் சத்தம் கேட்டதும் பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துப் போடுவது வழக்கம். மினாராவிலிருந்து பார்த்தால் அவள் சமைக்கிற குசினியின் ஜன்னலுக்குள் நளீபாவின் கை தெரியும். ‘அல்லாஹு அக்பர்’ காற்றில் போகும்போது அந்தக் கை முந்தானையைத் தேடி எடுத்துத் தலைக்குக் கொண்டுபோகும். முகம் தெரியாது, கை மட்டும். பத்தொன்பது வருடம் அவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் பாங்கு சொன்னார். இதை அவளிடம் அவர் சொன்னதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதைத் தவிர மற்றதெல்லாம் சொல்ல வரும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, ஏப்ரல் ஐந்தாம் திகதி. கொச்சிக்கடைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களெல்லாம் உயிர்த்த ஞாயிறுப் பூசைக்குப் போயிருந்த காலை. மர்ஸூக் மினாரா உச்சியில் புறா எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். விமானச் சத்தம் கேட்டது. நம்முடையவை என்று நினைத்து, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஒன்று தாழ்ந்து துறைமுகத்துக்கு மேலே திரும்பியபோதுதான் இறக்கையில் எதிரியின் சிவப்பு வட்டம் தெரிந்தது. அடுத்த அரைமணி நேரம் என்ன நடந்தது என்று அவரால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. துறைமுகத்தில் குண்டு விழ விழ மினாரா கிடுகிடுவென்று ஆடியது. புறாக்கள் ஒன்றுகூட இல்லை. இறங்கக் கால் வரவில்லை. துடைப்பத்தைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் குந்தியிருந்தார்.

அன்று நண்பகல் லுஹர் பாங்குக்கு ஏறினார். ஏறித்தானே ஆக வேண்டும். ‘அல்லாஹு அக்பர்’ என்ற நான்கு தக்பீரும் வந்தன. எதிர் ஜன்னலில் நளீபாவின் கை முந்தானையை எடுத்தது. அவ்வளவுதான், நெஞ்சு அடைத்துக்கொண்டது. காற்று போதவில்லை என்று இழுத்தார். இன்னும் போதவில்லை, இன்னும் இழுத்தார். விரல் நுனியெல்லாம் மரத்து, உதடு விறைத்து, கண் இருட்டியது. மவுத்து வந்துவிட்டது, இதுதான் சாவு என்றே நினைத்தார். ஜன்னலுக்குள் அந்தக் கை பாதி வழியில் நின்றிருந்தது.

மூன்றாம் நாள் நளீபாவின் தங்கை புருஷன் பேருவளையிலிருந்து மாட்டுவண்டியோடு வந்துவிட்டான். ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

“நீங்களும் வாங்களே” என்றாள் நளீபா.

“பாங்கு ஆர் செல்ற?”

அதைச் சொன்ன மனுஷனுக்கு அந்த மூன்று நாளில் ஒரு பாங்கைக்கூட முடிக்க ஏலவில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல வண்டியில் ஏறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்வது. தெருவில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு பூட்டு. பாண் கடைக்காரன்கூடப் போய்விட்டான். தனக்கு மட்டும் சோறு ஆக்கத் தெரியாமல் அவர் தினமும் இரண்டு பேருக்கு ஆக்கி, ராத்திரி மிஞ்சியதை மறுநாள் காலை தின்றார். யாராவது கதைக்க வரமாட்டார்களா என்று பள்ளியின் ஹவுள் என்கிற தண்ணீர்த் தொட்டிக் கரையில் குந்தியிருப்பார். கால் முகம் கழுவ வருகிற ஒருவர் இருவரும் அவசரமாகக் கழுவிக்கொண்டு போவார்கள். அவருக்கு அழுகை வந்தது. தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

பாங்கை இப்போது முற்றத்தில் நின்று ஷிப்லி சொன்னான். முப்பது வயது, புடவைக் கடையில் துணி அளக்கிறவன். நல்ல குரல்தான். அதுதான் மர்ஸூக்குக்குத் தாங்கவில்லை. கெட்ட குரலாக இருந்திருந்தால் மனதாரத் திட்டியாவது இருக்கலாம்.

அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. மல்லித் தண்ணீர் குடித்தார், ஓதி ஊதிய தண்ணீர் குடித்தார். கொச்சிக்கடை அப்போத்திக்கரி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “ஹார்ட் கல்லுமாதிரி இருக்கு. பயம், வேறொண்டுமில்லை” என்றார். பயத்தை வேறொன்றுமில்லை என்று சொல்கிறவர் அதை வாங்கி ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். மர்ஸூக் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போராடினார். மூச்சுதானே நம் முதல், மூச்சு முட்டினால் இன்னும் நிரப்பு. படியில் காலை வைத்ததும் இழுக்கத் தொடங்குவார். இருபதாம் படிக்கு வருமுன் விரல் மரத்துவிடும், திரும்பி இறங்குவார். மூச்சை வைத்தே பிழைத்த மனுஷன் மூச்சாலேயே தன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமை கழித்து ஸாலிஹ் ஹாஜியார் வந்தார். பள்ளியின் பெரிய டிரஸ்டி. குண்டு விழுந்த மறுநாளே குடும்பத்தை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். வெள்ளவத்தைக்குக் குண்டு வராது என்று அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ. ஆனால் தினமும் பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“மோதினார், குத்தம் செல்ல வரல்ல நான்” என்று ஹவுள் கரையில் உட்கார்ந்தார். “ஆனா பள்ளிண்டா மினாராவுல பாங்கு கேக்கோணும். வார வெள்ளிக்கெழம நீங்க ஏறிப் பாருங்க. ஏலாட்டி ஷிப்லிக்கே குடுப்பம். ஊடும் அவனுக்குத்தான் போகும். என்ன செய்ற, பள்ளிட ஊடுதானே.”

“சரி ஹாஜியார்” என்றார் மர்ஸூக். வீடு போவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் குசினி ஜன்னலுக்குள் வேறொரு கை முந்தானையை எடுக்கும் என்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றே நளீபாவுக்குக் கடிதம் எழுதினார். அல்லாஹ்வின் உதவியால் பாங்கு முன்போலவே நடக்கிறது என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது. துறைமுகத்தில் வின்ச் இழுக்கிற பாயிஸின் மனைவி நஸீறாவுக்குப் பிரசவ வலி. பாயிஸுக்குக் கப்பலில் இருந்து இறங்க அனுமதி இல்லை. பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும், மோதினார் வந்து இருக்கட்டும் என்றார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு ஆள் எங்கே இருக்கிறது.

அவர் போய் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். பலகைச் சுவர், உள்ளே நடப்பதெல்லாம் கேட்டது. நஸீறா மூச்சை இழுத்து இழுத்துத் திணறிக்கொண்டிருந்தாள். “எனக்கு ஏலா, மூச்சு வருதில்ல, நான் மவுத்தாகப் போறேன்” என்று கத்தினாள். மர்ஸூக்குக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஒவ்வொரு வார்த்தையும் அவர் மினாராவில் நினைத்தது.

மருத்துவிச்சி பிறிஜெற் குரலை உயர்த்தவில்லை. “இழுக்காதே மகள். இழுக்கிறதுதான் பிழை. உள்ளுக்கு நிறைய இருக்கு, வைக்க இடமில்லாமத்தான் அடைக்குது. விடு. வாயைக் குவிச்சு மெல்ல விடு. முன்னால ஒரு மெழுகுதிரி எரியுதெண்டு நினை. அது ஆடவேணும், அணையக் கூடாது.”

“ஏலா நோனா.”

“ஏலும். முழுக்கப் போகட்டும். வாறது தன்பாட்டுல வரும், அதுக்கு நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

வாசல் வாங்கில் இருந்த நாற்பத்திரண்டு வயதுக்காரர் வாயைக் குவித்தார். தெருவில் யாருமில்லை என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாக நிரப்பியே பழகிய நெஞ்சைக் காலி செய்வது லேசில்லை. பாதியில் பயந்துபோய் இழுத்துவிட்டார். திரும்ப விட்டார். உள்ளே பிறிஜெற், “விடு… விடு… இன்னும் இருக்கு பார், அதையும் விடு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவள் நஸீறாவுக்குச் சொன்னாள், மர்ஸூக் தனக்கென்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள்கள் தாமாகக் கீழே இறங்கின. அவை மேலே இருந்ததே அதுவரை அவருக்குத் தெரியாது.

ஆண் பிள்ளை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். பிறந்து அரைமணிகூட ஆகாத காதுக்குள் உரக்கச் சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் மெல்லத்தான் சொன்னார். மூச்சை இழுக்காமல், இருந்ததை நூல் விடுவதுபோல விட்டு, வார்த்தைகளை அதன்மேல் வைத்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. கடைசி வரியைச் சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு முழுப் பாங்கு. நடுவில் எங்கேயும் அடைக்கவில்லை.

பிறிஜெற் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “என்ன மோதினார், கண் கலங்கியிருக்கு?”

“ஒண்டுமில்ல நோனா. புள்ள நல்ல கனம்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு அந்த விழுங்கிய இடம் நினைவுக்கு வந்தது. மினாராவிலும் மெல்லச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நான்கு தக்பீருக்குப் பிறகு, சரியாக அவருக்கு நெஞ்சு அடைக்கிற அதே இடம். அங்கே யாரும் அவரை அவசரப்படுத்தியதில்லை. அவரேதான் பத்தொன்பது வருடமும் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார். வெட்கமாக இருந்தது, தெருவில் நின்று கொஞ்சம் சிரித்தும்விட்டார்.

புதனும் வியாழனும் படிகளில் பழகினார். ஒவ்வொரு படிக்கும் மூச்சை முழுக்க விட்டுவிட்டுத்தான் அடுத்த படி. முதல் நாள் முப்பதாம் படியோடு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் உச்சிக்குப் போனார். புறாக்கள் திரும்பி வந்து முன்னைவிட அசிங்கம் செய்து வைத்திருந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முப்பது பேர் தேறினார்கள். ஸாலிஹ் ஹாஜியார் முற்றத்தில் அண்ணாந்துகொண்டு நின்றார். பக்கத்தில் ஷிப்லி, எதற்கும் இருக்கட்டும் என்று.

மர்ஸூக் மேலே வந்து எதிர் ஜன்னலைப் பார்த்தார். மூடியிருந்தது. கையைக் காதில் வைத்தார். நான்கு தக்பீரும் போயின. சொல்லிவைத்ததுபோல அந்த நேரம் ரத்மலானைப் பக்கமிருந்து ஒரு விமானம் வந்தது. நம்முடையதுதான், ஆனால் நெஞ்சுக்கு அது தெரியுமா? படபடவென்று அடித்தது. இழு இழு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். மெழுகுதிரி ஆடியது. சாட்சி வார்த்தையை உதட்டளவில் சொன்னார், மூச்சு தீரும்வரை. உள்ளே வந்த காற்றை வரவிட்டு, இரண்டாம் தரம் சொன்னார். விமானம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் தரம். நான்காம் தரம்.

கீழே இருந்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பத்தொன்பது வருடமாக இமைக்கிற நேரத்தில் முடிகிற இடம். இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை.

“போச்சு” என்றார் ஸாலிஹ் ஹாஜியார். ஷிப்லியின் தோளைத் தட்டினார். “நீ செல்லு.”

ஷிப்லி உரத்த குரலில் சாட்சி வார்த்தையை எடுத்தான். மர்ஸூக் கண்ணைத் திறந்தார். தன் இடத்தில் வேறொருவன் குரல் ஏறி வருவதைக் கேட்டார். ஒரே பாங்கில் இரண்டு குரல் சண்டை பிடிப்பது அழகில்லை. அப்படியே இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஆனால் எந்தக் குரலானாலும் ஓர் இடத்தில் மூச்செடுக்கத்தான் வேண்டும். அதை அவரைவிட யார் அறிவார்? மிச்சமிருந்ததை விட்டுக்கொண்டே காத்திருந்தார். ஷிப்லி வரியை முடித்து மூச்சுக்கு நிறுத்தினான். அந்த இடைவெளியில் மினாராவிலிருந்து சாட்சி வார்த்தை இறங்கியது. பழைய முழக்கம் இல்லை. அதைவிட நிதானமாக இருந்தது. ஷிப்லி வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான், பிறகு மூடிக்கொண்டான். பாங்கு கடைசிவரை போனது.

இறங்கி வந்தவரை ஹாஜியார் மேலும் கீழும் பார்த்தார். “நடுவுல எங்க போனீங்க மோதினார்?”

“எங்கயும் போகல்ல. மெல்லச் செல்ற எடத்த மெல்லச் சென்னேன்.”

“இத்தன வருஷமா இவ்வளவு நேரம் எடுக்கல்லயே.”

“இத்தன வருஷமும் பிழயாச் சென்னது நான்தான் ஹாஜியார்” என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடப் போனார்.

மே, ஜூன் என்று ஊர் மெல்லத் திரும்பியது. பாண் கடை திறந்தது. நளீபா மட்டும் வரவில்லை, தங்கைக்குப் பிள்ளைப்பேறு. அவளுக்காகத் தங்கை புருஷன் எழுதுகிற கடிதம் வந்தது: “இங்கே பள்ளி மோதினார் அவசரக்காரர். முக்காடு போட்டு முடிக்குமுன் பாங்கு முடிந்துவிடுகிறது. எனக்கு நேரமே தெரிவதில்லை. நோன்புக்கு முந்தி வந்துவிடுவேன்.” அதை அவர் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டார். ஜன்னலைத் திறந்து தூசி தட்டினார். மினாராவிலிருந்து பார்க்கும்போது மூடியிருப்பதைவிட, திறந்து வெறுமையாக இருப்பது மோசமாக இருந்தது. திரும்பவும் மூடினார்.

நோன்புக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கையில், பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முந்திப் பேருவளையிலிருந்து தந்தி வந்தது. நளீபாவுக்கு நெருப்புக் காய்ச்சல், மவுத்து. யுத்த காலத்துத் தந்தி, ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டது. ஹாஜியார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மர்ஸூக்கின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஹவுளைப் பார்த்தார்.

“பின்னேர ரெயிலுக்கு நான் ஆளோட அனுப்புறேன். பாங்க ஷிப்லி செல்லட்டும்.”

“நேரமாகிட்டு” என்றார் மர்ஸூக். “நானே செல்றேன்.”

படிகளை அவர் எப்படி ஏறினார் என்று தெரியாது. மேலே நின்று ஜன்னலைப் பார்த்தார், பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்கு தக்பீரும் அந்த மூடிய பலகையில் பட்டுத் திரும்பி வந்தன. இனி எத்தனை வருடம் சொன்னாலும் அந்தக் கை வரப்போவதில்லை. கண்ணை மூடினார். மெல்லச் சொல்லும் இடம் வந்தது.

மூச்சை விட்டு, உதட்டளவில் சொன்னார். அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. இந்த வார்த்தைகள் நளீபா எதிர் வீட்டில் இருந்தபோதும் அவளுக்குக் கேட்டதில்லை. குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாலும், பேருவளையில் இருந்தாலும், மண்ணுக்குக் கீழே இருந்தாலும், இந்த இடத்தில் அவர் எப்போதும் தனியாகத்தான் இருந்திருக்கிறார். இங்கே மட்டும் ஒன்றும் மாறவில்லை. இங்கே மட்டும் அவள் இன்னும் சாகவில்லை. அதனால் அங்கிருந்து வெளியே வர அவருக்கு மனமில்லை. ஒரு மூச்சு விட்டார், இன்னொன்று விட்டார்.

முற்றத்தில் ஷிப்லி பொறுத்துப் பார்த்தான். என்றைக்கும் எடுக்கிற நேரம் தாண்டி, அதைப்போல இன்னொரு மடங்கும் தாண்டியது. தொழ வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஷிப்லி கையைக் காதுக்குக் கொண்டுபோனான்.

ஸாலிஹ் ஹாஜியார் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

“இரி” என்றார். “அவர் செல்லிக்கிட்டுத்தான் ஈக்கிறாரு.”

எல்லோரும் நின்றார்கள். யாரும் இருமக்கூட இல்லை. வெகுநேரத்துக்குப் பிறகு மேலே குரல் எழுந்தது. கொஞ்சம் உடைந்திருந்தது, ஆனால் கடைசிவரை போனது.